சாந்தம்மாளின் நிற்கிற கால்

கோட்டயம் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் எங்கள் மதினியின் இடது முட்டியைப் பாடமாகப் படிக்கிறார்கள். நான் சும்மா அளக்கவில்லை. அந்த முட்டியின் ஸ்கேன் படத்தில் பேர் போடமாட்டார்களாம், அது ஆஸ்பத்திரிச் சட்டமாம். போடாவிட்டால் போகட்டும், பேரைச் சொல்லத்தான் நான் இருக்கிறேனே. சாந்தம்மாள். வண்டிப்பெரியாருக்கு மேலே தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறவள். என் அண்ணன் அழகுமலையின் பெண்டாட்டி. நான் மாரீஸ்வரி, அவளுக்கு நாத்தனார். தேயிலைக் காட்டில் அவளுக்கு அடுத்த நிரை, அதாவது செடி வரிசை, என்னுடையது. நாத்தனார் வாயிலிருந்து மதினியைப் பற்றி நல்ல வார்த்தை வருகிறதே, மழை கொட்டப்போகிறது என்று லயத்து வரிசை வீடுகளில் கேலி பண்ணுவார்கள். பண்ணட்டும். உள்ளதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

எங்கள் எஸ்டேட்டில் பாறைக்காடு என்று ஒரு சரிவு இருக்கிறது. மேலேயிருந்து பார்த்தால் ஆத்தாடி என்று பக்கத்துச் செடியைப் பிடித்துக்கொள்வீர்கள். மழைக்காலத்தில் ஆடுகூட அந்தப் பக்கம் யோசித்துத்தான் இறங்கும். அங்கே முதல் நிரை, அதாவது பள்ளத்தை ஒட்டிய கடைசி ஓரம், மதினிக்கு. யாரும் அவளுக்கு அதை ஒதுக்கிக் கொடுக்கவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் அவளாகப் போய் நின்றாள், அதற்குப் பிறகு அந்த இடத்தைக் கேட்கிற தைரியம் வேறு எவளுக்கும் வரவில்லை.

சரிவில் கொழுந்து எடுக்கிறவளுக்கு இரண்டு காலும் ஒரே வேலை செய்யாது. ஒரு கால் உடம்பையும் முதுகிலே தொங்குகிற கொழுந்து மூட்டையையும் தாங்கும். மற்றது செடிக்கு நடுவில் பேருக்கு ஊன்றியிருக்கும். தாங்குகிறதை நாங்கள் நிற்கிற கால் என்போம். பழைய சேலையில் ஒரு பட்டை கிழித்து, அந்தக் காலின் முட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் காட்டில் இறங்குவோம். இது எங்கள் காட்டு வழக்கம், டவுன்காரர்களுக்குத் தெரியாது. கட்டுப் போட்டிருக்கிற கால்தான் நோவுள்ள கால் என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள். எங்களுக்கு நேர் எதிர். நோகிற கால் எப்படியும் பாரம் தூக்கப் போவதில்லை, அதற்கு எதற்குக் கட்டு? உழைக்கிற மாட்டுக்குத்தானே லாடம் அடிப்பார்கள்.

மதினிக்கு வலது முட்டியில் நோவு தொடங்கியது எப்போது என்று எனக்கே தெரியாது. அவள் சொன்னால்தானே? அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள், இவள் பசித்தாலும் அழாத ரகம். ஒரு காலத்தில் இன்றைக்கு இந்தக் கால், நாளைக்கு அந்தக் கால் என்று மாற்றி மாற்றிக் கட்டுவாள். அப்புறம் பார்த்தால் துணி எப்போதும் இடது காலிலேயே இருந்தது. லயத்துப் படியில் பக்கவாட்டாக இறங்க ஆரம்பித்தாள். ரேஷன் கடையில் மற்றவர்கள் குத்தவைத்து உட்கார்ந்தால் இவள் மட்டும் தூணில் சாய்ந்து நிற்பாள். என்ன மதினி என்று கேட்டால், உட்கார்ந்தால் சேலை அழுக்காகும் என்பாள். பெரிய மகாராணி.

அவள் மறைத்ததற்குக் காரணம் இருந்தது. எஸ்டேட் வீடு என்பது செக்ரோலில், அதாவது எஸ்டேட்டின் வேலையாள் பதிவில், பேர் இருக்கிறவர்களுக்குத்தான். அண்ணனுக்கு ஃபேக்டரித் தூசியில் மூச்சு கெட்டுப்போய், அன்ஃபிட் என்று எழுதி வேலையை விட்டு நிறுத்தியாகிவிட்டது. மகளைத் தேனியில் கட்டிக்கொடுத்தாயிற்று. இனி அந்த வீட்டில் செக்ரோலில் மிச்சமிருப்பது மதினி பேர் ஒன்றுதான். அவள் நின்றால் வீடு, உட்கார்ந்தால் தெரு. மலையில் பிறந்து மலையிலேயே மூச்சு வாங்குகிற என் அண்ணனைக் கூட்டிக்கொண்டு அவள் எந்த ஊருக்குப் போவாள்?

சூப்பர்வைசர் பவுல்ராஜ் கண்டுபிடித்துவிட்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை. மேலே இருந்து கேட்பதற்குள் வைத்தியம் பார்த்துவிடு, கேட்டபிறகு நான் பொய் சொல்ல முடியாது என்று தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அந்த வாரமே வண்டிப்பெரியாரில் ஒரு பள்ளிக்கூடத்தில் எலும்பு முகாம் போட்டார்கள். காட்டு வேலை முடிந்த கையோடு, பூட்ஸை மட்டும் கழற்றிவிட்டு, கட்டிய துணியோடு ஓடினோம். கூட்டம் என்றால் திருவிழாக் கூட்டம். முகாம் டாக்டர் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார், மதினியின் இடது காலில் இருந்த துணிக்கட்டைப் பார்த்தார், சீட்டில் இங்கிலீஷில் என்னமோ எழுதினார். முட்டியில் வேதனை உண்டா என்று மலையாளத்தில் கேட்டார். உண்டு என்றாள் மதினி. உண்டுதானே, அவள் என்ன பொய்யா சொன்னாள்? அடுத்த ஆள் என்று கூப்பிட்டுவிட்டார்கள்.

சீட்டைக் கொண்டுபோய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் கொடுத்தோம். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கவேண்டும் என்றார்கள். மேலே ஒரு பொட்டு உலோகம் இருக்கக்கூடாது என்றதும் வந்தது வினை, கல்யாணத்தன்று போட்ட மூக்குத்தி கழல மாட்டேன் என்றது. நானும் ஒரு சிஸ்டரும் சோப்பு போட்டு, எண்ணெய் போட்டு, இவள் மூக்கோடு மல்லுக்கட்டி ஒருவழியாக எடுத்தோம். உள்ளே போய் வந்தவளிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். கொழுந்து அரைக்கிற மிஷினுக்குள் தலையைக் கொடுத்த மாதிரி ஒரே சத்தம், ஆனால் ரொம்ப நாளைக்கப்புறம் பகலில் படுத்தேன் என்றாள். இடது முட்டியை மட்டும் கூடு மாதிரி ஒரு கருவிக்குள் வைத்துத்தான் படம் எடுத்திருக்கிறார்கள். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆளையே உள்ளே தள்ளுகிற மிஷின், இரண்டு காலையும் சேர்த்தே பார்த்துவிடும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

ஆபரேஷன் டாக்டர் படத்தைப் பார்த்தார். நல்ல மனிதர்தான், வாசலில் ஜனம் வரிசை கட்டி நின்றால் யாராக இருந்தாலும் அவசரப்படத்தான் செய்வார்கள். முட்டிக்குள் இரண்டு எலும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி ஒரு சவ்வு இருக்கிறது, மெனிஸ்கஸ் என்று பேர், அது கிழிந்து வெளியே பிதுங்கியிருக்கிறது, சின்னத் துளை போட்டுக் கிழிசலை வெட்டி எடுத்துவிடலாம் என்றார். முகாம் சீட்டில் இடது, ஸ்கேனில் இடது, படத்திலும் கிழிசல் இருக்கிறது. ஒன்றோடொன்று அத்தனை அழகாகப் பொருந்திப்போனது. மதினி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், நான் மறுபடி காட்டில் நிற்பேனா என்று. முதலில் ஓய்வு எடுங்கள், அப்புறம் பார்க்கலாம் என்றார். அந்த ‘பார்க்கலாம்’ அவளுக்குக் காலில் தைத்த முள்ளாகிவிட்டது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனாலும் நோவு தீரட்டும் என்று, இங்கிலீஷ் காகிதத்தில் எந்தக் கால் என்று எழுதியிருக்கிறது எனத் தெரியாமலே, சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாள்.

ஆபரேஷன் அன்று காலையில் பச்சை அங்கியை மாட்டி அவளைக் கட்டிலில் படுக்க வைத்திருந்தார்கள். ஒரு சிஸ்டர் வந்து, அங்கியை விலக்கி, இடது முட்டிக்கு மேலே நீலப் பேனாவால் ஒரு அம்புக்குறி போட்டாள். வெட்டுகிற காலுக்கு அடையாளமாம். மதினி அந்த அம்பைப் பார்த்தாள். சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சிஸ்டர், இது நிக்கிற காலு. இதுல கைய வைக்கக் கூடாது.”

சிஸ்டர் காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு எல்லாவற்றிலும் இடது என்றுதான் இருக்கிறது என்றாள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. இருந்த ஒரு நல்ல காலையும் வெட்டிவிட்டு எங்களைத் தெருவில் விடப் பார்க்கிறீர்களா என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வார்டிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது. என் வாய் கொஞ்சம் நீளம், அது எல்லோருக்கும் தெரியும். ஆபரேஷன் டாக்டரே வந்துவிட்டார். அவர் கோபப்படவில்லை. படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டி, பாருங்கள் அம்மா, இந்தக் கறுப்பு முக்கோணம்தான் சவ்வு, அதற்குள் வெள்ளைக் கோடு ஓடுகிறது, அதுதான் கிழிசல், இது உங்கள் இடது முட்டி, படம் பொய் சொல்லாது என்று பொறுமையாகத்தான் சொன்னார். நானும் எட்டிப் பார்த்தேன். கோடு அங்கே இருக்கத்தான் இருந்தது.

“நீ சும்மா இரு மாரி” என்றாள் மதினி. கட்டிலிலிருந்து இறங்கினாள். வலது காலை மடக்கித் தூக்கினாள். எதையும் பிடிக்காமல், அம்புக்குறி போட்ட அந்த இடது காலில் மட்டும் நின்றாள். பச்சை அங்கியும், மூக்குத்தி இல்லாத மூக்கும், அவிழ்ந்த கொண்டையுமாக என் மதினி அந்த வார்டு நடுவில் பாறைக்காட்டில் நிற்கிற மாதிரியே நின்றாள். ஒரு அசைவு இல்லை. எனக்கு அழுகையும் வந்தது, கைதட்டலாம் போலவும் இருந்தது.

“படம் சொல்றது நெசமாத்தான் சார் இருக்கும். ஆனா இதுல நோவு இருந்தா நான் இப்படி நிப்பனா?”

டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு, இன்றைக்கு ஆபரேஷன் இல்லை என்று சொல்லி, படம் பார்த்து எழுதுகிற டாக்டரம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அந்த நேரத்தில் அப்படி நிறுத்துவதற்கும் ஒரு பெரிய மனசு வேண்டும். அதை நான் மறைக்கமாட்டேன்.

வந்த டாக்டரம்மாவுக்கு மாதுரி என்று பேர். பாலக்காட்டில் கல்பாத்தி ஊராம். தமிழ் பேசினார், ஆனால் அது நம் தமிழ் இல்லை, கோயில் பிரசாதம் மாதிரி ஒரு தமிழ். வந்ததும் படத்தைப் பார்க்கவில்லை, மதினியைத்தான் பார்த்தார். நடக்கச் சொன்னார், ஒரு படி ஏறி இறங்கச் சொன்னார். வலது கால் வைக்கும்போது மதினி முகம் சுருங்கியதைக் கவனித்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நீங்க சொல்லுங்கோ அம்மா. எந்தக் காலாக்கும் வலிக்கறது?”

இத்தனை நாளில் அந்தக் கேள்வியை அவளிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். மதினி வலது முட்டியைத் தொட்டுக் காட்டினாள். பின்னே எதற்கு எல்லாரும் இடது என்று எழுதினார்கள் என்று அவர் யோசித்தபோது எனக்குச் சட்டென்று புத்தியில் தட்டியது. பையிலிருந்து அந்தச் சேலைப் பட்டையை எடுத்துக் காட்டி, முகாமுக்கு அவள் எந்தக் காலில் கட்டிக்கொண்டு போனாள், எங்கள் காட்டில் எந்தக் காலுக்குக் கட்டுவோம் என்று விளக்கினேன். உழைக்கிற மாட்டுக்கு லாடம் என்றதும் டாக்டரம்மா சிரித்துவிட்டார். இந்த முட்டிப் படம் அவருக்கும் முதலிலேயே உறுத்தியதாம். சவ்வு கிழிந்திருக்கிறது, ஆனால் மூட்டுக்குள் நீர் இல்லை, எலும்பில் வீக்கம் இல்லை. நோகிற முட்டி இத்தனை அமைதியாக இருக்காதே என்று நினைத்து, ஆளையும் பார்த்து முடிவு செய்யவும் என்று குறிப்பும் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் குறிப்பு அவசரத்தில் யார் கண்ணிலும் படவில்லை.

அன்றைக்கே வலது முட்டிக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். அது போதாதென்று நிற்க வைத்து இரண்டு முட்டிக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். படுத்தால் மூட்டு விரிந்து கொடுத்துவிடும், பாரம் ஏறும்போதுதான் உண்மையான இடைவெளி தெரியும் என்றார் டாக்டரம்மா. பிறகு எல்லாப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டுக் காட்டினார். வலதிலும் அதே கறுப்பு முக்கோணம், அதே வெள்ளைக் கோடு, அதே பிதுக்கம். ஆனால் அதில் எலும்புக்குள் மேகம் மாதிரி வெள்ளையாக வீக்கம் இருந்தது, மூட்டுக்குள் நீரும் கோத்திருந்தது. நின்று எடுத்த எக்ஸ்ரேயில் வலது முட்டியின் உள்பக்கம் இடைவெளி குறுகிப்போயிருந்தது.

“கிழிசல் ரெண்டுலயும் இருக்கு. வலி ஒண்ணுலதான். இந்த வயசுல எத்தனையோ பேருக்கு இது கிழிஞ்சிருக்கும், அவாளுக்கே தெரியாது. உள்ள என்ன இருக்குன்னுதான் படம் சொல்லும். எங்க வலிக்கறதுன்னு நீங்கதான் சொல்லணும்.”

அப்புறம் ஒரு நாடாவை எடுத்து மதினியின் தொடைகளை அளந்தார். இடது தொடை தேக்குக் கட்டை, வலது தொடை சூம்பிப்போயிருந்தது. நோகிறதே என்று அதற்கு வேலையே கொடுக்காமல் விட்டதில் சதை வற்றிப்போயிருக்கிறது. அந்த இடது தொடைதான் கிழிந்த முட்டியை விழாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது, வலது தொடைக்கும் அந்த பலம் வந்தால் இந்த முட்டிக்கும் கத்தி வேண்டியிருக்காது என்றார். ஆபரேஷன் டாக்டரும் ஒத்துக்கொண்டார். தேய்மானம் உள்ள முட்டியில் கிழிசலை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிய பலன் கிடைக்காது, முதலில் பயிற்சிதான், நானே இவர்கள் நடப்பதைப் பார்த்திருக்க வேண்டும் என்று எங்கள் முன்னாலேயே சொன்னார். சொன்னதோடு விட்டாரா? ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, குனிந்து, மதினியின் காலில் இருந்த நீல அம்பை அவர் கையாலேயே துடைத்தார். எஸ்டேட்டில் எத்தனையோ துரைமாரைப் பார்த்தாயிற்று, ஒருத்தராவது எங்கள் காலுக்கு நேரே குனிந்ததில்லை.

கிளம்பும்போது டாக்டரம்மா ஒரு அனுமதி கேட்டார், இந்த இடது முட்டிப் படத்தைப் படிக்கிற பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று. கிழிந்த காலில் அவர்கள் என்னத்தைப் படிப்பார்கள் என்று மதினி கேட்டாள். படத்தை விட்டுவிட்டு ஆளைப் பார்க்கப் படிப்பார்கள் என்றார் அவர். மதினிக்கு வெட்கமாகிவிட்டது. காட்டிக்கோங்க, ஆனால் கால் மட்டும் தெரியட்டும் என்றாள்.

ஆபரேஷன் டாக்டர் எழுதிக்கொடுத்தபடி அவளுக்குக் காட்டு வேலைதான், கொஞ்ச காலம் சமதளத்தில் மட்டும். பவுல்ராஜ் ரோட்டோரக் காட்டில் போட்டார். அது புதுசாக வேலைக்கு வந்த பெண்பிள்ளைகள் நிற்கிற காடு. பாறைக்காட்டு ராணி பஸ் வேடிக்கை பார்க்கிறாள் என்று சிலதுகள் பேசின. பேசியவர்களின் குடுமியைப் பிடிக்க நான் கிளம்பினேன், மதினிதான் விடவில்லை. ஆனால் அவள் முகம் சின்னதாகிப் போனதை நான் பார்த்தேன். ரோட்டோரம் எத்தனை நாள் விட்டுவைப்பார்கள்? காலால் ஆகவில்லை என்று பட்டுவிட்டால் அடுத்தது அன்ஃபிட்தான். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், கண்டிப்பாக அண்ணனுக்கும் தெரியும்.

தினமும் வேலை விட்டு வந்ததும் லயத்து வாசலில் பெஞ்சைப் போட்டு உட்காருவாள். பாதத்தில் மணல் பையைக் கட்டி, வலது காலை நீட்டித் தூக்குவாள், நிறுத்துவாள், இறக்குவாள். பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுவது என் அண்ணன் வேலை. அவனுக்கு மூச்சு இழுக்கும், பாதியில் எண்ணிக்கை நின்றுவிடும். அவன் மூச்சு திரும்புகிற வரைக்கும் அவள் காலை இறக்காமல் அந்தரத்தில் பிடித்துக்கொண்டிருப்பாள். சொல்லித்தந்ததைவிட அதில்தான் தொடைக்கு அதிக வேலை. முதலில் பரேடு நடக்கிறது என்று கேலி செய்த பெண்டுகள் மெல்ல மெல்ல அவரவர் முட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். யார் முட்டி இந்த மலையில் ஒழுங்காக இருக்கிறது? நோவு பறந்துவிட்டது என்று நான் புளுகமாட்டேன். குளிர் இறங்கினால் இன்றைக்கும் அவளுக்கு வலிக்கும். ஆனால் படியில் நேராக இறங்க ஆரம்பித்தாள். ரேஷன் கடையில் தூணை விட்டாள்.

மழை விட்டு, பாறைக்காட்டில் கொழுந்து முற்றிக்கொண்டிருந்த சமயம். ஆஸ்பத்திரியில் மறுபடி காட்டி, சரிவில் இறங்கிப் பார்க்கலாம், நோவு கூடினால் நிறுத்திவிட வேண்டும் என்று எழுதி வாங்கி வந்திருந்தாள். காலையில் மஸ்டரில் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார் பவுல்ராஜ். சாந்தம்மாள் என்றதும் பதில் சொல்லிவிட்டு முன்னால் வந்தாள். நான் வழக்கம்போல அவள் காலைப் பார்த்தேன். இடது கால் வெறுமனே இருந்தது. துணியை வலது காலில் கட்டியிருந்தாள்.

எங்கள் காட்டுப் பெண்டுகளுக்கு அதை விளக்கவேண்டிய தேவை இல்லை. பேசிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் அந்தக் காலைத் திரும்பிப் பார்த்தார்கள். பவுல்ராஜும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பேருக்கு நேரே பாறைக்காடு என்று எழுதிக்கொண்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார். எனக்குக் கண் மறைத்துவிட்டது. இருந்தாலும் வாய் சும்மா இருக்குமா, இடது காலுக்கு என்ன ஆச்சு மதினி என்று கேட்டுவிட்டேன்.

“ஒண்ணும் ஆகல. எத்தன வருசமா அது ஒண்ணே நிக்குது. இன்னைக்கு அதுக்கு லீவு.”

சொல்லிவிட்டு மூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு முதல் நிரையில் இறங்கினாள். நான் அடுத்த நிரையில் இறங்கினேன்.